போகாத ஊருக்குச் சட்டம்

செஞ்சிச் சீமை: வரலாற்றுத் தொடர் – 17

சென்ற பகுதியைத் தளவானூர்க் குடைவரையின் வாசலில் நிறுத்தியிருந்தோம். மகேந்திரவர்மன் தன் பட்டப்பெயர்களில் ஒன்றைச் சிவனுக்கே சூட்டி, கோயிலைச் சத்ருமல்லேஸ்வரம் ஆக்கிவிட்டுப் போனான். அதே குகையில், ஊர்க்காரரான செல்லன் சிவதாசன் செய்த தமிழ்ப் பாட்டொன்றும் கல்லில் இருக்கிறது. மலையைக் குடைந்தவனும் அரசன், வாழ்த்தப்பட்டவனும் அரசன். ஏழாம் நூற்றாண்டின் கல்லில் அரசனைக் குறை சொல்லும் வரி ஒன்றையும் எதிர்பார்க்க முடியாது. கல்வெட்டு அதற்கான இடம் அல்ல.

அரசர்களைக் குறை சொல்லும் புத்தகம் இந்தச் சீமைக்கு வடக்கே, நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, 1772-ல் மதராஸில் அச்சானது. நம் நாடு கெட்டதற்குக் காரணம் அந்நியன் அல்ல, சட்டத்துக்குக் கட்டுப்படாத நம் சொந்த மன்னர்களே என்று அது அச்செழுத்தில் சொன்னது. தமிழ் நாட்டைப் பற்றியதல்ல, தமிழிலும் இல்லை. ஆர்மீனிய மொழியில், ஆர்மீனியாவைப் பற்றி, ஆர்மீனியாவில் வாழாத ஆர்மீனியர்கள் போட்ட புத்தகம். அதைப் படித்த தாய்நாட்டு மதத்தலைவர் பிரதிகளை எரிக்கச் சொன்னார். வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊரைக் குறை சொல்லலாமா என்ற வழக்கு இன்றுவரை முடியாதது. அதன் பழைய விசாரணைகளில் ஒன்று நம் மதராஸில் நடந்தது என்பதால், செஞ்சியைவிட்டு இந்த வாரம் கொஞ்சம் விலகுகிறேன். முழுக்க விலகலும் அல்ல. இந்தக் கதைக்குள் செஞ்சிக் கோட்டை இரண்டு முறை வரும்.

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். அராக்ஸ் ஆற்றங்கரையில் ஜுல்ஃபா என்று ஒரு வணிக நகரம் இருந்தது. துருக்கியரோடு போரிட்ட பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், 1604-1605-ல் அந்த நகரத்தைக் காலி செய்து, மக்களை மொத்தமாகத் தன் தலைநகர் இஸ்பஹானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார். அவர்கள் அங்கே கட்டிய ஊர்தான் புதிய ஜுல்ஃபா. பாரசீகப் பட்டை விற்கத் தொடங்கியவர்கள் ஒரு நூற்றாண்டுக்குள் ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை கடை விரித்துவிட்டார்கள். 1688-ல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியே அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. கம்பெனியின் ஊர்களில் நாற்பது ஆர்மீனியரோ அதற்கு மேலோ குடியிருந்தால் தேவாலயம் கட்ட நிலமும், பாதிரியாருக்குச் சில ஆண்டுகளுக்குச் சம்பளமும் கம்பெனி தரும் என்பது அதில் ஒரு ஷரத்து.

நம் பக்கத்துத் தறிகளுக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸ்பானியர்களின் மணிலாவுக்குள் ஆங்கிலேயர் நேராக நுழைய முடியாது, மதமும் பகையும் குறுக்கே நின்றன. ஆர்மீனியர் பெயரில் கப்பல் போனால் கதவு திறந்தது. கடலூர், பரங்கிப்பேட்டை வழியாகத் தென்னார்க்காட்டுத் துணி ஏறியது. மணிலாவிலிருந்து மெக்சிகோ வெள்ளி இறங்கியது. தறியில் உட்கார்ந்தவர் யாருக்கு நெய்தோம் என்று அறிந்திருக்க மாட்டார்.

அந்த மணிலா வணிகத்தில் வளர்ந்து மதராஸில் நிலைத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் மர்மலாங் பாலத்தைத் தம் பணத்தில் கட்டியவர். 30,000 வராகன் செலவு என்பார்கள். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் உபயம்தான். பழைய பாலம் போய் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது, ஆனால் அவருடைய கல்வெட்டு அங்கேயே தங்கிவிட்டது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்தபோது அவருடைய வீட்டையும் சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரிக்கு வந்து குடியேறினால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டியும் அவர் போகவில்லை. 1750 செப்டம்பரில் அதே பிரெஞ்சுப் படை, புஸ்ஸியின் தலைமையில், ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையில் ஏறியது. யாராலும் ஏற முடியாது என்று பெயர் வாங்கிய கோட்டை அது. அதற்கு நான்கு மாதம் கழித்து, 1751 ஜனவரியில் உஸ்கான் இறந்தார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் தனியே எடுத்து, பெட்டியில் வைத்துப் பிறந்த ஊருக்கு அனுப்பினார்கள். அவருடைய விருப்பம் அது.

அந்தப் பிறந்த ஊர் ஆர்மீனியா அல்ல. இதயம் போனது இஸ்பஹான் பக்கத்துப் புதிய ஜுல்ஃபாவுக்கு. அதுவும் பெயர்த்து நடப்பட்டவர்களின் ஊர்தான். அராக்ஸ் கரையை உஸ்கானின் தலைமுறை கண்ணால் பார்த்ததில்லை. ஆக, இந்த மக்களுக்கு ஊர் என்பது இரண்டு அடுக்காக இருந்தது. ஆசைப்பட நினைவில் இருந்த ஜுல்ஃபா ஒன்று. அதற்கும் பின்னால், ஏட்டிலும் வழிபாட்டிலும் மட்டும் இருந்த ஆர்மீனியா ஒன்று. உஸ்கானுக்கு முதலாவது போதுமாக இருந்தது. அடுத்த தலைமுறைக்குப் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதற்கு மதராஸிலேயே ஒரு காரணம் உண்டு. 1749-ல் பிரெஞ்சுக்காரர் நகரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, ஆங்கிலேயர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கோட்டைக்குள்ளிருந்த வெள்ளையர் பட்டணத்திலிருந்து கத்தோலிக்கரையும் ஆர்மீனியரையும் வெளியேற்றியது. பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோனார்கள் என்ற சந்தேகம், கூடவே நல்ல வீடுகளின் மேல் ஒரு கண். பிரெஞ்சுக்காரர் அழைத்தும் போகாமல் சொத்தை இழந்த உஸ்கானின் இனத்துக்கு ஆங்கிலேயர் தந்த மரியாதை அது. கோட்டைச் சுவருக்கு வெளியே, கறுப்பர் பட்டணத்தில் அவர்கள் ஒதுங்கிய இடத்தில்தான் இன்றைய அரண்மனைக்காரத் தெரு, அதாவது ஆர்மீனியன் தெரு, இருக்கிறது. பணம் எவ்வளவு இருந்தாலும் நாடு இல்லாதவனுக்கு வீடு நிச்சயமில்லை என்பதை அவர்கள் கணக்குப் புத்தகத்திலேயே படித்துக்கொண்டார்கள்.

இந்தச் சூழலில்தான் ஷாஹாமிர் ஷாஹாமிரியன் வருகிறார். 1723-ல் புதிய ஜுல்ஃபாவில் பிறந்தவர். அவருடைய இளமையில் நாதிர் ஷா ஜுல்ஃபாவைப் பிழிந்தெடுத்தார். வரி கட்டினவர்களிடமே மறுபடி வரி, கேட்டால் சித்திரவதை. பிழைத்தவர்கள் இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். மதராஸில் ஷாஹாமிரியன் பெரும் செல்வரானார். சம்பாதித்தவர்கள் வழக்கமாகத் தேவாலயம் கட்டுவார்கள். 1772-ல் ஆர்மீனியன் தெருவில் இப்போதுள்ள தேவாலயம் எழுந்தது. ஷாஹாமிரியன் அதோடு நிற்கவில்லை, அச்சகம் ஒன்றும் வைத்தார். இந்தியாவின் முதல் ஆர்மீனிய அச்சகம் அதுதான்.

அந்த அச்சகத்துக்கு நெருப்பு கொண்டுவந்தவர் வேறொருவர். ஜோசப் எமின், ஹமதானில் பிறந்து கல்கத்தாவுக்கு வந்த வணிகர் வீட்டுப் பையன். ஆங்கிலச் சிப்பாய்களின் அணிவகுப்பைப் பார்த்துவிட்டு, நம் ஆட்களுக்கு இது ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு, அப்பாவின் சொல் மீறி 1751-ல் கப்பலில் கூலிவேலை செய்துகொண்டே லண்டன் போனவர். அங்கே பட்டினி, மூட்டை தூக்கல், பிறகு தற்செயலாக எட்மண்ட் பர்க்கின் நட்பு, பிரபுக்களின் ஆதரவு, படைப் பயிற்சி. அதன்பின் நேராக ஆர்மீனிய மலைகளுக்கே போனார். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த ஊரை இவர் போய்ப் பார்த்தார்.

பார்த்தது அவருக்கு இனிக்கவில்லை. கிராமத்தாரிடம் ஆயுதம் எடுங்கள் என்றார். விடுதலைக்கு இன்னும் காலம் வரவில்லை என்று பழைய தீர்க்கதரிசனத்தைக் காட்டினார்கள். ஜார்ஜிய மன்னர் இரக்லியிடம் போனார். முதலில் வரவேற்பு. அப்புறம் ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் மடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது, இரக்லி அவரை அனுப்பிவிட்டார். தோற்றுத் திரும்பிய எமின், 1770களின் தொடக்கத்தில் மதராஸுக்கு வந்து படைக்குப் பணம் கேட்டார். வணிகர்கள் தருவதாகச் சொன்னார்கள். பிறகு திருச்சபையின் தடை வந்து அதுவும் கைகூடவில்லை. வெளிநாட்டு ஆதரவாளர்களிடம் கையேந்தும் எந்தப் போராளிக்கும் இந்தப் படலம் புரியும்: கைதட்டல் உடனே கிடைக்கும், உண்டியல் தாமதமாகும்.

ஆனால் எமின் விட்டுச்சென்ற பேச்சு அச்சகத்தில் பிடித்துக்கொண்டது. 1772-ல் வந்தது மொவ்சேஸ் பக்ராமியன் பெயரில் ஒரு புத்தகம். ஆர்மீனிய இளைஞர்களைச் சோம்பலிலிருந்து எழுப்பும் அறிவுரை நூல் என்ற பொருளில் நீண்ட தலைப்பு. ஆர்மீனிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டே போய், இடையில் அது திரும்புகிறது. நாம் அடிமையானதற்குப் பாரசீகரையும் துருக்கியரையும் மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் அரசர்கள் தங்கள் இஷ்டப்படி ஆண்டார்கள், அவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் இல்லை, சபையும் இல்லை. பிரபுக்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். மக்கள் கல்லாமையிலும் சோம்பலிலும் கிடந்தார்கள். ஆகவே வாளும் வேண்டும், அதற்கு முன் அறிவும் வேண்டும். இதுதான் அதன் சாரம். அடிமைப்பட்ட இனம் ஒன்றின் புத்தகத்தில் எதிரியைவிடத் தன்னவர்களுக்கு அதிகப் பக்கம் ஒதுக்கப்பட்டது அந்தக் காலத்துக்கு அபூர்வம்.

எச்மியாட்சினில் அப்போது மதத்தலைவராக இருந்தவர் சிமியோன். அவரை மூடப்பழக்கத்தின் காவலாளி என்று எழுதிவிடுவது எளிது, பலர் அப்படியே எழுதிவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆர்மீனிய மண்ணில் முதல் அச்சகத்தை 1771-ல் எச்மியாட்சின் மடத்தில் நிறுவியவர் இதே சிமியோன். அதற்குப் பணம் கொடுத்தவரும் மதராஸில் வாழ்ந்த ஓர் ஆர்மீனிய வணிகரே. சில ஆண்டுகளில் காகித ஆலையும் வைத்தார். மடத்தின் நிலம், வருமானம், உரிமை எல்லாவற்றையும் ஆவணமாகத் தொகுத்து எழுதிவைத்தார், நாளைக்கு ஒரு கான் வந்து பிடுங்கினால் காட்டுவதற்கு. எரேவான் கானின் ஆட்சிக்குள் இருந்தது மடம். சற்று மேற்கே துருக்கிய எல்லை. மதராஸில் அச்சான கலகப் புத்தகம் ஒன்று கானின் கையில் கிடைத்தால் தூக்கு யாருக்கு? ஷாஹாமிரியனுக்கு அல்ல. அவர் கம்பெனிக் கொடியின் நிழலில், வங்காள விரிகுடாவின் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார். விலை கொடுக்க வேண்டியவர்கள் மடத்தைச் சுற்றியிருந்த கிராமத்தார்.

சிமியோன் புத்தகத்தைக் கண்டித்தார், பிரதிகளை அழிக்க ஆணையிட்டார். பயத்தில் செய்தார் என்றால் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதே சமயம், அவருடைய ஆணை ஏற்கப்பட்டிருந்தால் ஆர்மீனியர் தங்களைத் தாங்களே கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஐம்பது ஆண்டு தள்ளிப்போயிருக்கும். கானின் நிழலில் அச்சிட முடியாததை, நிழல் எட்டாத இடத்தில் இருப்பவன்தான் அச்சிட முடியும். தூரத்தில் இருப்பவனுக்கு ஆபத்து குறைவு, அதனால்தான் அவன் பேச்சுக்கு மதிப்பும் குறைவு என்று உள்ளே இருப்பவர்கள் சொல்வார்கள். அவன் சொன்னது சரியா தவறா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

மதராஸ் கூட்டம் நிற்கவில்லை. அடுத்த புத்தகம் இன்னும் துணிச்சல். 'புகழின் கண்ணி' என்று தமிழில் சொல்லலாம். தலைப்புப் பக்கத்தில் 1773 என்று இருக்கிறது. அச்சு முடிந்தது 1780களின் இறுதியில்தான் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. முன்பாதி, அரசியல் விளக்கம். பின்பாதியில் விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்கு 521 விதிகள் கொண்ட ஓர் அரசியல் சட்டம். நாடு கையில் இல்லை, எல்லை எதுவென்று வரைபடத்தில் உறுதியில்லை, குடிமக்களோ மூன்று பேரரசுகளில் சிதறிக்கிடக்கிறார்கள். சட்டம் தயார்.

அதில் என்ன இருந்தது? அரசர் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் சபை. சபையால் தேர்வாகும் தலைவர், மூன்றாண்டுப் பதவி. தலைவரும் சட்டத்துக்குக் கீழ்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் கட்டாயக் கல்வி. பாரிஸில் பாஸ்டில் சிறை விழுவதற்கு முன்பே இந்த யோசனை மதராஸில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தாராளம் என்று நினைக்கவேண்டாம். நாட்டின் தலைமைக்கு வருபவர் ஆர்மீனியத் திருச்சபையைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும் என்ற வேலியும் அதில் உண்டு. புத்தகத்தை எரிக்கச் சொன்ன அதே திருச்சபை.

தலைப்புப் பக்கத்தில் ஆசிரியராக இருந்த பெயர் ஷாஹாமிரியனின் மகன் ஹாகோப். அவர் 1774 ஜூலையில் மலாக்காவில் இறந்துவிட்டார், இருபத்தொன்பது வயது. எழுத்து பெரும்பாலும் தந்தையுடையதே என்று பலரும் ஏற்கிறார்கள். செத்த மகன் பெயரில் பிறக்காத நாட்டுக்குச் சட்டம் எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைத்தால், பெரிய செல்வர் என்ற படம் கொஞ்சம் மாறிவிடுகிறது. மலாக்காவில் ஹாகோபின் கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது. அதில் உள்ள ஆர்மீனியப் பாட்டில், வாசிப்பவரிடம் ஹாகோப் நலம் விசாரிக்கிறார். என் இனத்தாருக்கு விடுதலை கிடைத்ததா, ஆள நல்லவர் யாராவது எழுந்தாரா என்று கேட்கிறார். ஜுல்ஃபாவில் பிறந்து மதராஸில் வாழ்ந்து மலாக்காவில் முடிந்தவர், கடைசிவரை பார்க்காத நாட்டின் செய்திக்குக் காத்திருக்கிறார்.

இங்கே செஞ்சி மறுபடி வருகிறது. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் செஞ்சிக் கோட்டை அவர் கையில். ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, சனங்கள் மாட்டையும் மூட்டையையும் ஓட்டிக்கொண்டு மதராஸ் நோக்கி ஓடினார்கள். 1782-ல் மதராஸில் பஞ்சம். கஞ்சித் தொட்டி வைத்தார்கள், அதுதான் பின்னால் மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. ஆர்மீனிய அச்சகத்தில் மனிதனுக்கு இயற்கையாக உள்ள உரிமைகளைப் பற்றி எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஆண்டுகளும் இவைதான். நம் சீமையிலிருந்து ஓடிப்போனவர்கள் அந்த 521 விதிகளில் எங்கும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, புத்தகம் அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும், ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த குடியானவனின் அடிமைத்தனம் கண்ணில் பட்டவர்களுக்கு வாசலில் நின்ற குடியானவன் தெரியாமல்போனதை, இந்தத் தொடரை இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறவன் என்ற முறையில் குறித்துவைக்கிறேன்.

தாங்கள் இருந்த இடத்தை அவர்கள் முழுக்க மறந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1783-ல் அதே அச்சகத்திலிருந்து இன்னொரு சிறுநூல் வந்தது. இது மதராஸ் ஆர்மீனியச் சமூகம் தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்ள ஒரு விதித்தொகுப்பு. பெரிய சட்டத்துக்கு ஓர் ஒத்திகை என்று அதைப் பார்க்கலாம். வரலாற்றாசிரியர்கள் பெரிய புத்தகத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்தச் சிறிய புத்தகத்தின் மேல்தான் மரியாதை அதிகம். இதில் உள்ள விதி தவறாக இருந்தால் எழுதியவனே நாளைக்கு அதை அனுபவிக்க வேண்டும்.

ஷாஹாமிரியனுக்குப் போக வழி இல்லாமலும் இல்லை. ஜார்ஜிய மன்னர் இரக்லிக்கு அவர் கடிதங்களும் பரிசுகளும் அனுப்பிக்கொண்டே இருந்தார், சட்டத்தின்படி ஆளச் சொல்லி யோசனையும் சேர்த்து. எமினை விரட்டிய அதே இரக்லி இவருக்கு இளவரசப் பட்டமும், ஆர்மீனியரின் பழைய சீமையான லோரியில் நிலமும் சாசனமாக எழுதித் தந்தார். கையில் சாசனம், பெட்டியில் பணம், உதட்டில் தாய்நாடு. அவர் போகவில்லை. 1797-ல் மதராஸிலேயே இறந்தார். கோழைத்தனம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் 1795 செப்டம்பரில் ஆகா முகம்மது கானின் பாரசீகப் படை இரக்லியின் தலைநகர் திபிலிசியைச் சூறையாடி ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகப் பிடித்துப்போனதை நினைத்தால், எழுபது வயதுக் கிழவர் லோரிக்குப் பயணம் கட்டாததில் ஆச்சரியம் இல்லை. அவர் அங்கே போயிருந்தால் ஒரு சிறு நிலப்பிரபுவாக இருந்திருப்பார், மன்னரின் தயவில். மன்னரின் தயவில் வாழ்பவனால் அந்த 521 விதிகளை எழுத முடியாது.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தவர் செல்வர் அல்ல, ஒரு பாதிரியார். ஹாருத்யுன் ஷ்மாவோனியன், ஷிராஸ் ஊர்க்காரர். இரண்டு மகன்களை ஒரே வாரத்தில் பறிகொடுத்தவர். மதராஸ் தேவாலயத்துக்குப் பணிசெய்ய வந்து, தாமே ஓர் அச்சகம் அமைத்துக்கொண்டார். 1794 அக்டோபரில் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை இது. எரேவானிலோ கான்ஸ்டான்டினோப்பிளிலோ அல்ல, நம் கறுப்பர் பட்டணத்தில். கப்பல் வரவு, சரக்கு விலை, ஊர்ச் செய்தி, தாய்நாட்டிலிருந்து வந்த கடிதம், பழைய ஏடுகளிலிருந்து பகுதிகள் என்று கலந்து கொடுத்தார். தாய்நாட்டைத் திட்டும் பத்திரிகை அல்ல, தாய்நாட்டை விசாரித்துக்கொண்டிருந்த பத்திரிகை. சந்தாதாரர்கள் சில பத்துப் பேர். 1796-ல் நின்றுவிட்டது. விடுதலைக்குப் பணம் தருவதாகச் சொன்ன ஊரில் மாதப் பத்திரிகைக்குச் சந்தா சேரவில்லை! சிற்றிதழ் நடத்திய தமிழர் யாரையும் கேளுங்கள், ஷ்மாவோனியனின் துக்கம் அவருக்குத் தெரியும். 1824-ல் இறந்த பாதிரியாரின் சமாதி ஆர்மீனியன் தெருத் தேவாலயத்து வளாகத்தில் இருக்கிறது.

வணிகர்களின் பணம் பிறகு எங்கே போனது என்று பார்த்தால் இன்னொரு விசித்திரம். மதராஸில் பொருள் சேர்த்த எட்வர்ட் ரபேல், சாமுவேல் மூரத் ஆகிய இருவரும் எழுதிவைத்த சொத்தில் கல்லூரிகள் எழுந்தன. எழுந்த இடம் இத்தாலி. வெனிஸ் நகரத்துக் கல்லூரி 1836-ல் தொடங்கியது. ஆர்மீனியப் பிள்ளைகள் ஆர்மீனிய மொழி படிக்க இத்தாலிக்குப் போனார்கள். கோரமண்டல் துணியில் கிடைத்த லாபத்தில் படித்தார்கள்.

இந்தப் பழைய வழக்கு இருபதாம் நூற்றாண்டில் வேறு உருவத்தில் மறுபடி எடுக்கப்பட்டது. 1946 முதல் 1948 வரை சோவியத் ஆர்மீனியா, வெளியே இருப்பவர்களைத் திரும்பி வரச் சொல்லி அழைத்தது. சிரியா, லெபனான், கிரீஸ், பிரான்ஸ் என்று பல நாடுகளிலிருந்து சுமார் 90,000 பேர் போனார்கள். துருக்கியில் நடந்த படுகொலையில் தப்பிய குடும்பங்கள் பல, நாடு என்று ஒன்று இருக்கிறதே என்ற ஏக்கத்தில் போனவர்கள். வீடு இல்லை, ரொட்டி வரிசை, உள்ளூர்க்காரர்களின் கேலி. 1949 ஜூனில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானவர்களை ரயிலேற்றிச் சைபீரியாவின் அல்தாய்க்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தவர்களும் அதில் அடக்கம். வெளியே இருந்தபோது குறை சொல்லலாம், உள்ளே வந்தபின் வாயைத் திறக்க முடியாது. ஊருக்கு வந்து வாழ்ந்து பார்த்துவிட்டுப் பேசு என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

1991-ல் சுதந்திர ஆர்மீனியா வந்தபோது அதன் முதல் வெளியுறவு அமைச்சர் ராஃபி ஹோவன்னிசியன், கலிபோர்னியாவில் பிறந்தவர். ஓராண்டில் ஜனாதிபதியோடு கருத்து வேறுபட்டு விலகினார். நாட்டின் அமைச்சராக இருந்தவருக்கு அந்த நாட்டின் குடியுரிமை கிடைத்தது 2001-ல். 1994 டிசம்பரில் அன்றைய ஜனாதிபதி தெர்-பெத்ரோசியன், வெளிநாட்டு ஆர்மீனியரிடையே வேரூன்றிய தஷ்னாக் கட்சியின் செயல்பாட்டையே தடைசெய்தார், வெளியிலிருந்து ஆட்டுவிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. இரட்டைக் குடியுரிமை 2007-ல்தான் வந்தது. நாட்டுக்குள் சுமார் முப்பது லட்சம் பேர், வெளியே அதைவிட அதிகம். 2020-ல் கராபாக் போரில் தோற்றபின் சண்டை இன்னும் கசந்தது. போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட பிரதமரைத் துரோகி என்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்தும் பெய்ரூத்திலிருந்தும் பேசினார்கள். களத்தில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் உங்கள் பிள்ளை எங்கே என்று எரேவானிலிருந்து கேட்டார்கள்.

டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் உறவினர் வைத்திருக்கும் வாசகருக்கு இந்தச் சொற்கள் எதுவும் புதிதாக இராது. பனி கொட்டும் ஊரில் உட்கார்ந்து சமரசம் வேண்டாம் என்பவரும், வன்னியில் காணி மீட்க அதிகாரியோடு பேசியே ஆகவேண்டியவரும் ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பியாக இருக்கிறார்கள். அனுப்புகிற பணத்துக்குப் பேசும் உரிமை சேர்ந்து வருகிறதா என்பதில் அங்கேயும் தீர்ப்பு வரவில்லை. ஷாஹாமிரியனை வைத்து நான் சொல்லக்கூடியது குறைவு. அவருடைய விமர்சனம் தூரத்தால் கெடவில்லை, தூரம் இல்லாமல் அது பிறந்திருக்கவே முடியாது. கெட்டது வேறு ஓரிடத்தில். சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மலைக் கிராமத்தாரை அவர் சந்தித்ததில்லை. சந்தித்த எமினின் சுயசரிதையைப் படித்தால், விதிகளைவிட முதலில் தீர்க்க வேண்டிய பிரச்சினை, காலம் வரவில்லை என்ற அந்தத் தீர்க்கதரிசனம்தான் என்று தெரியும். எமின் கல்கத்தா திரும்பி, 1792-ல் லண்டனில் அந்தப் புத்தகத்தை வெளியிட்டு, 1809-ல் கல்கத்தாவிலேயே இறந்தார். அவரும் திரும்பிப் போகவில்லை.

ஆர்மீனியா தன் அரசியல் சட்டத்தை 1995 ஜூலை 5 அன்று மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றது. மதராஸ் வரைவில் இருந்த தேர்தல், சபை, சட்டத்துக்குக் கீழ்ப்பட்ட தலைவர் எல்லாம் அதில் உண்டு. சென்னையில் இப்போது ஆர்மீனியர் என்று சொல்ல ஏறக்குறைய யாரும் இல்லை. ஆர்மீனியன் தெருத் தேவாலயத்தைக் கல்கத்தாவிலுள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழு பராமரிக்கிறது. உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் நுழைந்தால் சில நிமிட நடை.

அடுத்த பகுதியில் செஞ்சிக்குத் திரும்புகிறோம்: 1780-ன் கடைசி மாதங்கள், ஹைதரின் பீரங்கிகள், கோட்டைக்குள் இருந்த கம்பெனிப் படையின் கணக்கு.